முதல் ரோபோவுக்கு மூளை வேண்டாம்

நாங்கள் குடியிருப்பது கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டின் பின்கட்டில். வீடு எங்களுடையது இல்லை. வீட்டுக்காரர்கள் சென்னையிலும் வெளிநாட்டிலுமாக இருக்கிறார்கள், அப்பா 20 வருடத்துக்கு மேலாக வீட்டைப் பார்த்துக்கொள்கிறார், காலையில் முகப்பைப் பெருக்கித் தண்ணீர் தெளிப்பதில் இருந்து இரவு எல்லாக் கதவுக்கும் தாழ் போடுவது வரை அவர் பொறுப்பு. எனக்கு 15 கிலோமீட்டர் தள்ளி காரைக்குடியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை. படித்தது பி.காம். பொழுதுபோக்கு என்று மாதம் 500 ரூபாய்க்கு மேல் ஒதுக்கினால் வீட்டில் ஏதாவது ஒன்று இடிக்கும். ஆனால் ஒரு வசதி இருக்கிறது. ரோபோ ஓட விட்டுப் பார்க்க இந்த வீட்டில் உள்ள இடம் எந்தக் கல்லூரி ஆய்வகத்திலும் கிடைக்காது. முகப்பு, பட்டாலை, நடு முற்றத்தைச் சுற்றிய வளவு, இரண்டாம் கட்டு என்று நீளமாகப் போய்க்கொண்டே இருக்கும் ஆத்தங்குடிக் கல் தரை, நடுநடுவே பர்மா தேக்குத் தூண்கள், எல்லாம் வருடத்தில் முக்கால்வாசி நாள் காலியாகத்தான் கிடக்கும்.

ரோபோ செய்ய எவ்வளவு காசு வேண்டும் என்று கடைக்கு வரும் கல்லூரிப் பையன்கள் கேட்கிறார்கள். புராஜெக்ட் ரிப்போர்ட் பிரிண்ட் எடுக்க வருகிறவர்கள்தான். 3,000 ரூபாய்க்கு ஒரு கிட் வாங்கலாமா அண்ணே என்பார்கள். வேண்டாம் தம்பி என்று சொல்லிவிட்டு, கடையில் கூட்டம் இருப்பதால் பாதியில் நிறுத்திவிடுவேன். அந்த மீதிதான் இது.

நானும் கிட்டில்தான் தொடங்கினேன். நாலு மாதம் சேர்த்து வைத்து 2,000 ரூபாய்க்கு ஒரு பெட்டி வாங்கினேன். ஆர்டுயினோ போர்டு (புரோகிராம் ஏற்றும் சின்னக் கணினிப் பலகை), மோட்டார் டிரைவர், இரண்டு மஞ்சள் மோட்டார், அல்ட்ராசானிக் சென்சார், ஒரு கட்டு ஜம்பர் வயர், கூடவே சதுரமான 9 வோல்ட் பேட்டரி ஒன்று. கையேட்டில் உள்ளபடியே மாட்டினேன், புரோகிராமையும் அப்படியே ஏற்றினேன். வண்டி ஒரு சாண் நகரும், நிற்கும், போர்டில் உள்ள விளக்கு அணைந்து எரியும், மறுபடி ஒரு சாண் நகரும். அப்பா பார்த்துவிட்டு, "என்னப்பா, விக்கல் எடுக்குது?" என்றார். புரோகிராமில்தான் தப்பு என்று முடிவு கட்டி மூன்று வாரம் ஒவ்வொரு ராத்திரியும் வரி வரியாக மாற்றி மாற்றி எழுதினேன். ஒன்றும் ஆகவில்லை.

கடைக்குப் பக்கத்தில் செல்போன் சர்வீஸ் செய்யும் அண்ணன் ஒருவர்தான் வோல்டேஜ் அளக்கும் மல்டிமீட்டரை எடுத்து பேட்டரியின் இரண்டு முனையிலும் வைத்தார். வண்டி சும்மா நிற்கும்போது 9.1 வோல்ட். மோட்டார் சுழலத் தொடங்கிய நொடியில் எண் சரசரவென்று இறங்கி 5-க்குக் கீழே போனது. "உன் எழுத்துல ஒண்ணும் இல்லப்பா, பசிதான்" என்றார்.

விஷயம் இதுதான். அந்தச் சதுர பேட்டரி புகை எச்சரிக்கைக் கருவி, மல்டிமீட்டர் மாதிரி சொட்டுச் சொட்டாக மின்சாரம் குடிக்கும் பொருட்களுக்காகச் செய்யப்பட்டது. அதற்குள் ஆறு குட்டி செல்கள் தொடராக இருக்கின்றன, உள்தடை அதிகம், அதாவது மின்சாரம் வேகமாக வெளியே வராது. மஞ்சள் மோட்டார் சும்மா சுழலவே 150 மில்லி ஆம்பியர் அளவுக்குக் கேட்கும், கிளம்பும்போதும் எங்காவது முட்டி நின்றுவிட்டாலும் அது 1 ஆம்பியர் பக்கம் ஏறும். இரண்டு மோட்டார் சேர்ந்து அவ்வளவு இழுத்தால் பேட்டரியின் வோல்டேஜ் பேட்டரிக்குள்ளேயே விழுந்துவிடும், போர்டுக்கு மிச்சம் எதுவும் வராது, போர்டு அணைந்து முதலில் இருந்து தொடங்கும். விக்கல் என்று அப்பா சொன்னது இதைத்தான். இப்போதும் விற்கிற கிட்டுகள் பலவற்றில் அதே சதுர பேட்டரியைப் பார்க்கிறேன், பார்க்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கிறது. வாங்கும் பிள்ளைகளில் எத்தனை பேர் தனக்கு புரோகிராம் வராது என்று நினைத்து பெட்டியை மூடி வைத்திருப்பார்கள்?

அதிலும் நான் இருப்பது காரைக்குடிப் பக்கம். பேட்டரியையும் மின்வேதியியலையும் படிக்கவென்றே ஒரு தேசிய ஆய்வகம் இருக்கிற ஊர். அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953 பொங்கல் சமயத்தில் திறந்தது சிக்ரி. ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது பள்ளியில் இருந்து கூட்டிப்போய்க் காட்டினார்கள். ஒரு பேட்டரி எத்தனை வோல்ட் என்பது பாதிக் கதைதான், எவ்வளவு வேகமாகக் கொடுக்க முடியும் என்பதுதான் மீதி என்று அங்கே ஒருவர் விளக்கியது ஞாபகம் இருக்கிறது. அது புரிய எனக்கு 15 வருடமும் அந்த மூன்று வாரமும் ஆனது.

அதற்கு அப்புறம்தான் முறையாகத் தொடங்கினேன். இப்போது யார் கேட்டாலும் அந்த வழியைத்தான் சொல்கிறேன். முதல் ரோபோவில் ஆர்டுயினோ, புரோகிராம், கணினி எதுவும் வேண்டாம். இரண்டு மோட்டார், இரண்டு சுவிட்ச், நாலு பென்சில் செல் போதும்.

மஞ்சள் நிறப் பெட்டிக்குள் பல்சக்கரத்தோடு வரும் மோட்டாரை இங்கே கடைகளில் பி.ஓ. மோட்டார் என்று கேட்க வேண்டும். ஒன்று 60 ரூபாய்க்கு வாங்கினேன், சக்கரம் 30. லிவர் வைத்த மைக்ரோ ஸ்விட்ச் 20 ரூபாய். அதற்கு மூன்று கால் இருக்கும். இரண்டுக்கும் பொதுவானது ஒன்று, அழுத்தாதபோது சேர்ந்திருப்பது ஒன்று, அழுத்தும்போது சேர்வது ஒன்று. கால்களின் பக்கத்திலேயே எது எது என்று பொறித்திருக்கும். இரண்டு செல் போடும் பெட்டியாக இரண்டு வாங்குங்கள், கீழ்ப் பெட்டியின் சிவப்புக் கம்பியையும் மேல் பெட்டியின் கருப்புக் கம்பியையும் சேர்த்து முறுக்குங்கள். அந்த முடிச்சுதான் நடு. இரண்டு மோட்டாருக்கும் ஒரு முனை இந்த நடுவுக்குப் போகும். இன்னொரு முனை அதனதன் சுவிட்சின் பொதுக் காலுக்குப் போகும். சுவிட்சின் அழுத்தாத காலில் மேல் பெட்டியின் சிவப்பு, அழுத்தும் காலில் கீழ்ப் பெட்டியின் கருப்பு. அவ்வளவுதான். சுவிட்ச் சும்மா இருந்தால் மோட்டாருக்கு 3 வோல்ட் ஒரு திசையில் வரும், அழுத்தினால் அதே 3 வோல்ட் எதிர்த்திசையில் வரும், சக்கரம் பின்னால் சுழலும்.

இதில் ஒரு சின்ன சூட்சுமம் உண்டு. முன்பக்கம் இடது ஓரத்தில் வைக்கும் சுவிட்ச் வலது மோட்டாரைக் கட்டுப்படுத்த வேண்டும், வலது ஓர சுவிட்ச் இடது மோட்டாரை. இடது பக்கம் சுவர் முட்டினால் வலது சக்கரம் பின்னால் போகும், இடது சக்கரம் முன்னால் போய்க்கொண்டே இருக்கும், வண்டி வலப்பக்கம் திரும்பி சுவரை விட்டு விலகிவிடும். கம்பியை மாறி மாட்டினால் சுவரையே கட்டிக்கொண்டு நிற்கும். நான் முதலில் மாறித்தான் மாட்டியிருந்தேன், ஐந்தே நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டேன், ஏனென்றால் தேடிப் பார்க்க இருந்ததே ஒரு சில கம்பிதான். கிட்டில் மூன்று வாரம், இதில் ஐந்து நிமிடம்.

அடித்தட்டுக்கு ஆசாரி வேலை நடக்கும் இடத்தில் கிடந்த பிளைவுட் துண்டு. மூன்றாவது சக்கரத்துக்குப் பதிலாக பின்னால் ஒரு சோடா மூடியைக் கவிழ்த்து ஒட்டினேன், ஆத்தங்குடிக் கல்லின் வழவழப்பில் அது வழுக்கிக்கொண்டே வந்துவிடுகிறது. செல்லோடு சேர்த்து மொத்தம் 350 ரூபாய்க்குள் முடிந்தது. அணைக்க வேண்டும் என்றால் நடுக் கம்பியில் ஒரு சுவிட்ச் போடுங்கள்.

முட்டுவதைச் சுற்றிலும் உணர வேண்டும் என்பதற்காக அம்மாவின் பழைய பனையோலைக் கொட்டானை வாங்கி, மேலே கவிழ்த்து, தொங்குகிற மாதிரி தளர்வாகக் கட்டினேன். சீர்ப் பலகாரம் வைத்து வந்த கொட்டான், ஓரத்தில் பிய்ந்துபோனதால்தான் கொடுத்தார். கொட்டான் எதிலாவது இடித்து உள்ளே தள்ளப்பட்டால் அது லிவரை அழுத்தும். இது நானாகக் கண்டுபிடித்தது இல்லை. 1948, 49-ல் இங்கிலாந்தில் பிரிஸ்டலில் கிரே வால்டர் என்ற நரம்பியல் ஆய்வாளர் செய்த இரண்டு ஆமைகளில் இருந்து எடுத்தது. எல்மர், எல்சி என்று பெயர். இரண்டே இரண்டு வால்வு (பழைய ரேடியோவில் இருக்கும் கண்ணாடிக் குழல்), வெளிச்சத்தைப் பார்க்க ஒரு ஃபோட்டோசெல், ஓடு இடித்தால் உணர ஒரு தொடுபுள்ளி. பழைய கடிகாரப் பல்சக்கரங்களும் போர் முடிந்து மிஞ்சிய சாமான்களும்தான் மூலப்பொருள். அந்த ஆமைகள் வெளிச்சத்தைத் தேடிப் போய், தடையைச் சுற்றிக்கொண்டு, பேட்டரி தீரும் சமயத்தில் தன் கூட்டுக்குத் திரும்பின. மைக்ரோ சிப் என்று ஒன்று பிறப்பதற்கு முன்னால் இது நடந்திருக்கிறது என்பதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

கொட்டான் ஆமை வளவைச் சுற்றி வந்தது. தூணில் முட்டி விலகியது, கதவில் முட்டி விலகியது. சுவரை நேருக்கு நேராக மோதினால் மட்டும் ஒரு சிக்கல் வந்தது. இரண்டு சுவிட்சும் ஒரே நேரத்தில் அழுந்தும், இரண்டு சக்கரமும் பின்னால் போகும், ஓர் அங்குலம் விலகியதும் சுவிட்ச் விடுபடும், மறுபடி முன்னால் வந்து அதே இடத்தில் மோதும். இப்படியே செல் தீரும்வரை. ஒரு லிவரைக் கொஞ்சம் முன்னால் வளைத்துவிட்டால் அது முதலில் அழுந்தி ஓரளவு தப்பிக்கும். ஆனால் உண்மையில் அதற்கு என்ன வேண்டும் என்று யோசித்தால், இப்போதுதான் முட்டினோம் என்பது ஒரு நொடிக்காவது அதற்கு ஞாபகம் இருக்க வேண்டும். ஞாபகம் இருந்தால் சுவிட்ச் விடுபட்ட பிறகும் கொஞ்ச நேரம் திரும்பிக்கொண்டே இருக்கலாம்.

இந்த இடம் வந்த பிறகு ஆர்டுயினோ வாங்குங்கள். எதற்காக வாங்குகிறோம் என்பது இப்போது தெரியும், ஒரு நொடி ஞாபகத்துக்காக.

வாங்குவது சின்ன நானோ போர்டாக இருக்கட்டும். ஆர்டுயினோ 2005-ல் இத்தாலியில் இவ்ரேயா என்ற ஊரில் மாணவர்கள் மலிவாகக் கற்க வேண்டும் என்று தொடங்கியது, வரைபடத்தைத் திறந்தே வைத்திருக்கிறார்கள், அதனால் அதே வடிவத்தில் மற்றவர்கள் செய்து விற்பதை 250 ரூபாய் போல வாங்க முடிகிறது. மலிவு போர்டில் புரோகிராம் ஏறவில்லை என்றால் பயப்பட வேண்டாம், மூன்று காரணத்தில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். கணினியில் சி.எச்.340 என்ற டிரைவர் மென்பொருள் இல்லை, அல்லது புரோகிராம் எழுதும் ஆர்டுயினோ மென்பொருளில் ஓல்டு பூட்லோடர் என்பதைத் தேர்ந்தெடுக்கவில்லை, அல்லது கையில் இருப்பது சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள். மூன்றாவதில் நான் ஒரு ஞாயிற்றுக்கிழமையை முழுசாக இழந்தேன்.

போர்டின் ஒரு காலில் இருந்து 20 மில்லி ஆம்பியருக்கு மேல் எடுப்பது நல்லதில்லை, ஆகவே மோட்டாரை நேராக அதில் மாட்டக் கூடாது, நடுவில் மோட்டாருக்கு வேண்டிய மின்சாரத்தை பேட்டரியில் இருந்து கொடுக்கும் மோட்டார் டிரைவர் வேண்டும். எல்லோரும் வாங்குவது சிவப்பு நிற எல்298. அது பழைய வகை, உள்ளேயே கிட்டத்தட்ட 2 வோல்ட்டை வெப்பமாகத் தின்றுவிடும். நாலு செல்லில் ஓடும் வண்டிக்கு 2 வோல்ட் என்பது மூன்றில் ஒரு பங்கு. கொஞ்சம் தேடி டி.பி.6612 வாங்கினால் அந்த இழப்பு மிகக் குறைவு. அப்புறம் பேட்டரி, டிரைவர், போர்டு எல்லாவற்றின் கருப்புக் கம்பியும் ஓரிடத்தில் சேர வேண்டும், ஒவ்வொரு மோட்டாரின் இரண்டு முனைக்கும் குறுக்கே 104 என்று அச்சிட்ட கபாசிட்டர் ஒன்றை சோல்டர் செய்ய வேண்டும். ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்ச் சாமான்தான், ஆனால் மோட்டார் கிளப்பும் இரைச்சல் போர்டைக் குழப்பாமல் காக்கும்.

காசு குறைவு என்றால் எதில் கை வைக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மல்டிமீட்டர், 200 ரூபாயில் வாங்கியது இன்றுவரை வேலை செய்கிறது. ரீசார்ஜ் செய்யும் நிக்கல் செல்லும் அதற்குரிய சார்ஜரும், அந்தக் கிட்டுக்கு அப்புறம் என் செலவிலேயே பெரியது இதுதான், 700 ரூபாய். ஒவ்வொன்றும் 1.2 வோல்ட்தான் என்றாலும் ஒரு ஆம்பியரைச் சிரமமில்லாமல் கொடுக்கும். பழைய லேப்டாப் பேட்டரியைப் பிரித்து லித்தியம் செல் எடுப்பதை வீடியோவில் பார்த்துவிட்டுக் கேட்கிறார்கள். முதல் வருடம் அந்தப் பக்கமே போகாதீர்கள் என்றுதான் சொல்வேன். கம்பி தவறி இரண்டு முனையும் தொட்டால் நொடியில் பழுக்கக் காயும், 4.2 வோல்ட்டைத் தாண்டிச் சார்ஜ் ஏறினால் தீப்பிடிக்கலாம், ரொம்ப நாள் காலியாகக் கிடந்த செல்லைத் திரும்ப ஏற்றுவதும் ஆபத்து. என் வண்டி ஓடித் திரிவது தேக்கு மரத்தால் ஆன இன்னொருவர் வீட்டில். மற்ற எல்லாவற்றையும் பழைய இரும்புக் கடையில் தேடலாம். பழைய பிரிண்டர் ஒன்றைப் பிரித்தால் நல்ல மோட்டார், எஃகுத் தண்டு, பல்சக்கரம், பெல்ட், கை நிறைய திருகு எல்லாம் கிடைக்கும். ஜெராக்ஸ் கடையில் இருப்பதால் அது எனக்கு எளிது.

முட்டாமலே தடையை அறிய 90 ரூபாய் அல்ட்ராசானிக் சென்சார் மாட்டினேன். இரண்டு கண் மாதிரி இருக்கும், ஒன்று நம் காதுக்குக் கேட்காத 40,000 ஹெர்ட்ஸ் ஒலியை அனுப்பும், மற்றது எதிரொலியைக் கேட்கும். போய்வர எடுத்த நேரத்தை ஒலியின் வேகத்தால் பெருக்கிப் பாதியாக்கினால் தூரம். எல்லாரும் புரோகிராமில் எழுதுவது நொடிக்கு 343 மீட்டர். அது 20 டிகிரியில் உள்ள வேகம். நம் ஊர் சித்திரை வெயிலில் 38 டிகிரி என்றால் அது 354 பக்கம் வந்துவிடும், 100 செ.மீ. தூரத்தில் இருக்கும் சுவரை 97 என்று சொல்லும். சுவருக்கு இது பெரிய விஷயமில்லை, ஆனால் டேப்பை வைத்து அளந்து இந்த 3 செ.மீ.யைக் கண்ணால் பார்த்தபோது, பாடப் புத்தகத்தில் படித்தது வளவுத் தரையில் நடக்கிறதே என்று அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அதே சென்சார் அம்மா கொடியில் காயப்போட்டிருந்த கண்டாங்கிச் சேலையை மட்டும் பார்க்கவே இல்லை, நேராக உள்ளே புகுந்து சுற்றிக்கொண்டது. பருத்தித் துணி ஒலியை உறிஞ்சிவிடும், எதிரொலி திரும்பாது. சரிவாக நெருங்கும் சுவரும் அப்படித்தான், ஒலி வேறு பக்கம் தெறித்துப் போய்விடும். ஆகவே கொட்டானைக் கழற்றவில்லை. தூரத்துக்குக் காது, கிட்டத்துக்குக் கொட்டான்.

இந்தத் தை மாதம் வீட்டுக்காரர்கள் முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கு வந்திருந்தார்கள். ஆமையை எடுத்து உள்ளே வைத்துவிட நினைத்தேன், அதற்குள் பெரிய ஆச்சி பார்த்துவிட்டார்கள். 80 வயதுக்கு மேல் இருக்கும். ஓட விடச் சொன்னார்கள். தாழ்வாரத்தில் விட்டேன், தூணைச் சுற்றிப் போனது.

"ஏப்பா, இதுக்குக் கண்ணு இருக்கா?"

"கண்ணு இல்லைங்க ஆச்சி, காது மாதிரி ஒண்ணு இருக்கு. எதிர்ல சுவர் இருந்தாத் தெரியும்."

"பள்ளம் இருந்தாத் தெரியுமா?"

வளவின் நடுவில் வானம் பார்த்த முற்றம், தாழ்வாரத்தில் இருந்து ஒரு முழம் தாழ்வு. நான் பதில் சொல்வதற்குள் ஆமை விளிம்பைத் தாண்டிவிட்டது. கொட்டான் ஒரு பக்கம், பிளைவுட் ஒரு பக்கம். ஆச்சி பதறிப்போய், "ஐயோ, பாவம், எடுத்துப் பாருப்பா" என்றார்கள். ஒரு மோட்டாரின் அச்சு முறிந்திருந்தது. ஊருக்குக் கிளம்பும்போது, அடுத்த தடவை வரும்போது பள்ளம் தெரிகிற மாதிரி செய்து வை என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அன்றிலிருந்து அதுதான் வேலை. முன்பக்கம் கீழ்நோக்கி ஒரு ஐ.ஆர். சென்சார் வைத்தேன், 35 ரூபாய். கண்ணுக்குத் தெரியாத ஒளியை அனுப்பும், தரையில் பட்டுத் திரும்பினால் தரை இருக்கிறது, திரும்பாவிட்டால் பள்ளம். சிமெண்டுத் தரையில் அருமையாக வேலை செய்தது. ஆத்தங்குடிக் கல்லில் பூ இருக்கிறதே. வெளிர் நிறத்தில் ஓடிக்கொண்டே இருக்கும், நடுவில் உள்ள கரும் பூ மேல் வந்ததும் ஒளி திரும்பாமல் பள்ளம் என்று நினைத்துப் பின்வாங்கும். நாலு பக்கமும் பூ, நடுவில் சிக்கிக்கொண்டு ஒரே கல்லுக்குள் திரும்பித் திரும்பி நின்றது. சென்சாரில் உள்ள திருகை மாற்றிப் பூவைத் தரையாகப் பார்க்க வைத்தால், மதியத்தில் முற்றத்து வெயில் சென்சாருக்குள் புகுந்து, பள்ளத்தையும் தரை என்கிறது. சாயங்காலம் சரியாக இருக்கும் வண்டி நண்பகலில் விழுகிறது. வேகமும் ஒரு காரணம். நிமிடத்துக்கு 200 சுற்று, சக்கரச் சுற்றளவு 20 செ.மீ., ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்கில் 6, 7 செ.மீ. போய்விடுகிறது, சென்சாருக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இருப்பதே 5 செ.மீ.தான். முதலில் வேகத்தைப் பாதியாக்கினேன்.

இப்போது ஐ.ஆரைக் கழற்றிவிட்டு இரண்டாவது அல்ட்ராசானிக் ஒன்றைத் தரையைப் பார்த்து மாட்டியிருக்கிறேன், 6 செ.மீ. உயரத்தில், 2 செ.மீ.க்குக் கீழே அதற்கு அளக்கத் தெரியாது என்பதால். இந்தக் கல்லின் வழவழப்பு எதிரொலிக்கு நன்றாக ஒத்துவரும், பூவின் நிறம் ஒலிக்குத் தெரியாது, வெயிலும் அதை ஒன்றும் செய்யாது. முன்னால் பார்ப்பதும் கீழே பார்ப்பதும் ஒரே நேரத்தில் கத்தினால் ஒன்றின் எதிரொலி மற்றதற்குக் கேட்டுவிடும் என்பதால் மாற்றி மாற்றிக் கேட்க எழுதியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மதியம், வெயில் நேராக இறங்கும் நேரத்தில் விட்டுப் பார்க்கப் போகிறேன். முற்றத்தில் விளிம்பை ஒட்டிப் போட அம்மா பழைய தலையணை இரண்டு எடுத்து வைத்திருக்கிறார்.